பிரசவத்துக்கு முன் விசா வருமா? நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

2024 ஜனவரி கடைசியில் இரண்டு கோடு தெரிந்த அன்று, கனடாவில் இருக்கும் என் கணவருக்குப் போன் போடுவதற்கு முன்பே விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டேன். என்னை அங்கே அழைத்துக்கொள்ள அவர் ஸ்பான்சர் மனு போட்டது 2023 ஜூன். கணவன் மனைவி மனுக்களை 12 மாதத்தில் முடிப்பது கனடா குடிவரவுத் துறை வைத்திருந்த இலக்கு. அப்படிப் பார்த்தால் 2024 ஜூனில் விசா. பிரசவம் செப்டம்பர் கடைசியில் வரும். ஜூனில் ஆறாம் மாதம்தானே, விமானம் ஏறலாம். சரி, போய்விடலாம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த ஆறு மாதம் அந்தக் கணக்கை நம்பித்தான் ஓட்டினேன். சாப்பாடு, தூக்கம், ஸ்கேன் எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஜூன் மாதம் உட்கார்ந்திருந்தது. பெங்களூரில் என் நிலைமையில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர் சமீபத்தில் என்னிடம் இதையே கேட்டார்கள். போனில் சொல்லிச் சொல்லிப் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கல்யாணம் 2023 ஜனவரியில் கிருஷ்ணகிரியில் நடந்தது. அவர் கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் பிராம்ப்டனில் நிரந்தரக் குடியுரிமையோடு (பிஆர், அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை; அந்நாட்டுக் குடிமகன் அல்ல) வேலை பார்க்கிறார். நான் பெங்களூரில் அல்சூரில் வாடகை வீட்டில் அம்மாவோடு இருந்தேன், அலுவலகமும் இங்கேதான். "உன் வீட்டுக்காரர் ஒரு வருஷம் இங்கே வந்து இருந்தால் என்ன?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. முடியாது என்பதுதான் பதில். கனடாக் குடிமகனாக இருந்தால் வெளிநாட்டில் இருந்துகொண்டும் மனைவியை ஸ்பான்சர் செய்யலாம். நிரந்தரக் குடியுரிமை மட்டும் உள்ளவர் கனடாவில் குடியிருந்தால்தான் ஸ்பான்சர் செய்ய முடியும். லீவில் சில வாரம் வந்து போகலாம், அவ்வளவுதான். இது தெரியாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து உட்கார்ந்தால் மனுவே ஆட்டம் கண்டுவிடும்.

காலமும் சரியாக இல்லை. 2023 அக்டோபரில் கனடா தன் தூதரக அதிகாரிகள் 41 பேரை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. பெங்களூரு, மும்பை, சண்டிகர் துணைத் தூதரகங்களில் நேரடிச் சேவை நின்றது. விசா மையங்கள் ஓடிக்கொண்டிருந்தன, மனுக்களும் நகர்ந்தன. ஆனாலும் அந்த வாரம் முழுக்க நாங்கள் செய்தி பார்த்தபடியே கிடந்தோம்.

முதல் தாமதம் எங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. அதுவும் என் பெயரால். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். அப்பா பெயரின் முதல் எழுத்து. கல்யாணச் சான்றிதழில் அந்த இனிஷியலோடு இருந்தேன். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் இருந்தது. அவருக்கும் அப்படியே, அவர் அப்பா பெயர். கணவனுக்கும் மனைவிக்கும் வேறு வேறு குடும்பப் பெயர், சான்றிதழில் இரண்டுமே இல்லை. பார்ப்பவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? நவம்பரில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நோட்டரி பிரமாணப் பத்திரம் எடுத்து அனுப்ப மூன்று வாரம் ஆனது. கூடவே ஒரு பக்கத்தில் தமிழர்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை, அப்பா பெயரே அந்த இடத்தில் வரும், குழந்தைக்கும் அப்படித்தான் வரும் என்று எழுதினோம். இதை மனுவோடு முதல் நாளே வைத்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை தமிழில் இருந்தால் அதற்கும் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும். இதையெல்லாம் கேட்ட பிறகு கொடுப்பதில் போகும் வாரங்களை எந்த அவசரக் கடிதமும் திரும்பத் தராது.

பிப்ரவரியில் மருத்துவப் பரிசோதனைக்கான கடிதம் வந்தது. 30 நாள் கெடு. அப்போது எனக்கு ஒன்பதாவது வாரம், காலையில் எழுந்தால் பல் துலக்கக்கூட முடியாத வாந்தி. பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே உண்டு. கர்ப்பிணிகளுக்கு இரண்டு வழி. வயிற்றை மறைத்து, ஒப்புதல் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பிரசவத்துக்குப் பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று தள்ளிப்போடலாம்.

கிருஷ்ணகிரியிலிருந்து அத்தை போனில் அழாத குறை. "எக்ஸ்ரே எல்லாம் வேணாம்மா. விசா இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வரும்." என் அம்மாவுக்கும் அதே பயம். எனக்கும் பயம்தான். தள்ளிப்போடுவோம் என்றே இருந்தேன். ஆனால் தள்ளிப்போடுவதன் அர்த்தம் என்னவென்று பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. எக்ஸ்ரே இல்லாமல் மருத்துவப் பரிசோதனை முடிந்ததாகாது, அது முடியாமல் விசா கிடையாது. ஒரு பக்கம் சீக்கிரம் கொடுங்கள் என்று கேட்கப்போகிறேன், இன்னொரு பக்கம் நானே செப்டம்பர் வரை கதவைச் சாத்தி வைக்கிறேன்.

என் டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். கதிர் போவது நெஞ்சுக்கு, வயிறு அந்தப் பாதையிலேயே இல்லை, குழந்தையைச் சென்று சேர்வது மிக மிகக் கொஞ்சம், நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாளில் உடம்பில் ஏறுவதைவிடக் குறைவு என்றார். "முதல் மூன்று மாதம் உனக்கு மனசு கேட்காது. அது போகட்டும், அப்புறம் எடுத்துக்கோ" என்றார். கெடுவை நீட்டித் தரும்படி காரணத்தோடு எழுதினோம், கிடைத்தது. மே முதல் வாரத்தில், 19 வாரம் முடிந்த பிறகு, மொத்தப் பரிசோதனையும் ஒரே நாளில் முடித்தேன். இது என் டாக்டர் என் உடம்பைப் பார்த்துச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான். ஆனால் கேட்காமல் பயத்தில் முடிவெடுக்காதீர்கள்.

அந்த அறையை நான் மறக்க மாட்டேன். ஈயக் கவசம் அவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைக்கவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடுப்பில் இறுக்கிக் கட்டினார்கள். ஈர மூட்டையைச் சுமப்பது போல இருந்தது. நெஞ்சை அந்தப் பலகையில் ஒட்டி நிற்கச் சொன்னார்கள், ஐஸ் மாதிரி குளிர்ச்சி. மோவாயை மேலே தூக்கி வைத்தேன். உதவிக்கு நின்ற பெண் என் தோளைத் தட்டி, "பயபட பேடி அம்மா" என்றார், கன்னடத்தில் பயப்படாதீங்க என்று. மூச்சை இழுத்துப் பிடித்த அந்த இரண்டு நொடியில் உள்ளே மீன் திரும்பியது போல ஒரு அசைவு. அந்த வாரம்தான் அவள் அசைய ஆரம்பித்திருந்தாள். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

அவசரக் கோரிக்கைக்கு வருகிறேன். எல்லாரும் கேட்பது இதைத்தான். சில நாடுகளில் கூடுதல் பணம் கட்டினால் முன்வரிசையில் பார்ப்பார்கள். கனடாவில் கணவன் மனைவி மனுவுக்கு அப்படிப் பணம் கட்டும் வழி இல்லை. அப்படி ஒரு வழி இருப்பதாகச் சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். இணையப் படிவம் வழியாகக் காரணத்தையும் ஆதாரத்தையும் வைத்து, சீக்கிரம் பாருங்கள் என்று கேட்கலாம். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் முடிவு.

மார்ச்சில் முதல் கோரிக்கை அனுப்பினோம். இரண்டு பக்கம். தனிமை, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவர் அங்கே சரியாகச் சாப்பிடுவதில்லை, எல்லாம் எழுதியிருந்தேன். அதில் ஒரு வரி பொய் இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தேவையான தேதி ஒன்றுகூட அதில் இல்லை. உங்கள் மனு பரிசீலனையில் இருக்கிறது என்ற வழக்கமான பதில் வந்தது.

மே கடைசியில் இரண்டாவது. இந்த முறை அரைப் பக்கம். மனு எண், மருத்துவப் பரிசோதனை முடித்த தேதி, டாக்டர் கணித்த பிரசவத் தேதி, எந்த வாரத்துக்குப் பிறகு விமானத்தில் போக முடியாது என்பது, வேண்டுவது என்ன என்று ஒரே வாக்கியம். 28 வாரத்துக்கு மேல் பல விமான நிறுவனங்கள் டாக்டர் சான்று கேட்கும், 36 வாரம் தாண்டினால் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். இந்த வாரக் கணக்குதான் என் கதையில் இருந்த ஒரே கெட்டியான ஆதாரம். டாக்டர் கடிதத்தையும் சேர்த்தோம்.

அந்தக் கடிதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆலோசனை சொல்கிறேன் என்று வந்த ஒருவர், "சிக்கலான கர்ப்பம் என்று எழுதி வாங்குங்கள், உடனே நகரும்" என்றார். எனக்கு அப்படிச் சிக்கல் எதுவும் இல்லை. தயங்கித் தயங்கி டாக்டரிடம் கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. "இல்லாததை எழுத மாட்டேன்மா. இருப்பதைத் தெளிவாக எழுதித் தருகிறேன்" என்றார். அன்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது, இன்று அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால் கனடாவில் ஐந்து வருடம் நுழையவே முடியாது. ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து வருடத்தைப் பணயம் வைப்பதா? உண்மையிலேயே ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி சிக்கல் போன்றவை இருந்தால் அதை ஸ்கேன் அறிக்கையோடு வையுங்கள். இல்லாவிட்டால் தேதிகளை மட்டும் வையுங்கள்.

பதில் வந்தது. கோரிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது, அவ்வளவுதான். மனு உண்மையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது வேறு இரண்டு வழியில். கணவர் தன் வீடு இருக்கும் தொகுதியின் எம்பி அலுவலகத்துக்குப் போனார். ஓட்டுரிமை இல்லாதவர் போகலாமா என்று தயங்கினார், தாராளமாகப் போகலாம். கட்டணம் கிடையாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விசாரித்துச் சொல்வார்கள். வரிசையை மீற அவர்களால் முடியாது, எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும். அடுத்து, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி மனுவின் உள்குறிப்புகளைக் கேட்டார். அந்தச் சட்டத்தில் இந்தியாவில் இருக்கும் நான் கேட்க முடியாது, எனக்காக அவர் கேட்க என் ஒப்புதல் கையெழுத்து வேண்டும். இரண்டிலும் ஒரே விஷயம். உறவு உண்மையானது என்பது ஏற்கப்பட்டுவிட்டது, மருத்துவமும் சரி, பின்னணிச் சரிபார்ப்பு மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

அதில் நாங்கள் செய்ய ஒன்றுமே இல்லை. கேட்க வேண்டிய காகிதம் எதுவும் பாக்கி இல்லை. அதைப் படித்த பிறகுதான் எனக்குள் இருந்த இறுக்கம் தளர்ந்தது என்று நினைக்கிறேன்.

ஜூன் வந்தது, போனது. ஆடி பிறப்பதற்குள் என்று ஆனியிலேயே வளைகாப்பு வைத்தார்கள். என் தம்பி போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். அங்கே விடியற்காலை, அவர் முகம் கழுவாமல் திரையில் உட்கார்ந்திருந்தார். அத்தை வளையல் போடும்போது இரண்டு கையையும் போன் பக்கம் திருப்பிக் காட்டச் சொன்னார். அன்று இரவு அவர் மூன்றாவது கோரிக்கைக்கான வரிகளை அனுப்பியிருந்தார். விசிட்டர் விசா முயன்றால் என்ன என்றும் கேட்டிருந்தார். அது கிடைக்கக்கூடியதுதான். 2023 மே மாதத்திலிருந்து ஸ்பான்சர் மனு நிலுவையில் உள்ள மனைவிமார்களுக்கு விசிட்டர் விசாவை வேகமாகப் பார்த்துவந்தார்கள். ஆனால் விசிட்டராகப் போய்ப் பிரசவம் என்றால் அரசுக் காப்பீடு கிடையாது. சாதாரணப் பிரசவத்துக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், ஆபரேஷன் என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே என் அலுவலகக் காப்பீட்டில் பிரசவச் செலவு அடங்கும், அம்மா பக்கத்தில் இருக்கிறார், ஆறு மாதமாகப் பார்க்கும் டாக்டர் இருக்கிறார்.

"ஏங்க, இனிமே எழுத வேணாம். நீங்க லீவு மட்டும் வாங்குங்க. இங்கேயே பெத்துக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எத்தனையாவது வாரத்துல வரட்டும்?" என்று கேட்டார்.

அதன் பிறகு இருந்த இரண்டு மாதம்தான் என் கர்ப்பத்தில் நான் நிம்மதியாக இருந்த காலம். ராத்திரி வலி வந்தால் யார் வண்டி எடுப்பது, ஆஸ்பத்திரிப் படிவத்தில் கணவர் இல்லாவிட்டால் யார் கையெழுத்துப் போடலாம், இதையெல்லாம் அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தோம். மார்ச்சிலேயே யோசித்திருக்க வேண்டியவை. தம்பி பெயரை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து வைத்தேன். அவர் 38ஆவது வாரத்தில் மூன்று வார லீவில் வந்து சேர்ந்தார். ஐந்தாம் நாள் மகள் பிறந்தாள்.

இதற்குப் பிறகு வருவதைக் கவனமாகப் படியுங்கள், பலர் தடுக்கி விழும் இடம் இது. மனு நிலுவையில் இருக்கும்போது பிறந்த குழந்தையைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். விசாவே கைக்கு வந்த பிறகு, ஆனால் அங்கே போய் இறங்குவதற்கு முன் பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் தாய் மட்டும் போய் இறங்கிவிட்டால், பிறகு அந்தக் குழந்தையை ஸ்பான்சர் செய்வதே பெரும் சிக்கலாகிவிடும். குழந்தை பிறக்கும்போது அப்பா நிரந்தரக் குடியுரிமை மட்டும் உள்ளவர் என்றால், எங்களைப் போல, குழந்தையை மனுவில் சேர்க்க வேண்டும். கனடாவில் குடியேறி அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர் என்றால் கதை வேறு. குழந்தை பிறக்கும்போதே கனடாக் குடிமகள், அதற்குக் குடியுரிமைச் சான்றிதழ்தான் கேட்க வேண்டும், விசா அல்ல.

சேர்ப்பதற்குக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், கூடுதல் படிவம், 175 டாலர் கட்டணம், மருத்துவப் பரிசோதனை வேண்டியிருந்தது. கைரேகை 14 வயதுக்குக் கீழ் இல்லை, கைக்குழந்தைக்கு எக்ஸ்ரேவும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியே தகவல் அனுப்பிவிடும். ஆனால் ஆஸ்பத்திரி தரும் படிவத்தில் அப்பா அம்மா பெயரை நீங்களே, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதுங்கள். என் பெயர் மறுபடியும் இனிஷியலோடு எழுதப்பட்டிருந்தது. அவர் கவனித்ததால் தப்பித்தோம். பிறந்த நாலாம் நாளே பெயரை முடிவு செய்தோம், பாஸ்போர்ட்டுக்கான பெற்றோர் உறுதிமொழியில் அவர் கையெழுத்தை அவர் கிளம்புவதற்கு முன் வாங்கி வைத்தேன். அவர் போன பிறகு என்றால் அதற்கே தனி அலைச்சல்.

நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குப் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் படம் நாமே கொண்டுபோக வேண்டும். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், வேறு யார் கையும் தெரியக்கூடாது. அல்சூரில் ஸ்டுடியோக்காரர் ஒரு வெள்ளை வேட்டியைத் தரையில் விரித்தார். நாற்பது நாள் குழந்தை. படுக்க வைத்தால் தூங்குகிறாள், எழுப்பினால் அழுகிறாள். அம்மா சாவிக்கொத்தை ஆட்ட, நான் மண்டியிட்டுத் தலையைச் சரி செய்ய, ஒன்றேகால் மணி நேரம் போனது. கடைசியில் கொட்டாவி விட்டு முடித்த அந்த ஒரு கணத்தில் இரண்டு கண்ணும் விரிந்து கேமராவையே பார்த்தாள். மறுநாள் லால்பாக் சேவா மையத்தில் கவுண்டரில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு அவளையும் பார்த்து, "சரியாக இருக்கு" என்று கன்னடத்தில் சொன்னபோது எனக்குப் பாதி உயிர் வந்தது.

நவம்பரில் அவளுடைய காகிதங்களை எல்லாம் சேர்த்து ஒரே முறையில் அனுப்பினோம். டிசம்பரில் அவளுக்கு மருத்துவப் பரிசோதனை. 2025 பிப்ரவரியில் இரண்டு பாஸ்போர்ட்டையும் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதிக் கேட்டதால் ஒரு நாளாவது முன்னால் வந்ததா என்றால், அப்படி நான் நம்பவில்லை. மகளின் காகிதங்களை ஒரே முறையில் முழுதாக அனுப்பியதால் மேற்கொண்டு தள்ளிப்போகவில்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

விசா வந்ததும் தேதியைப் பாருங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு வருடம்தான் ஆயுள். நான் மே முதல் வாரத்தில் எடுத்ததால் அடுத்த மே முதல் வாரத்துக்குள் போய் இறங்கியாக வேண்டும், மகளுக்குக் கூடுதல் நாள் இருந்தும் பயன் இல்லை. ஒன்டாரியோவில் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள், இறங்கியதும் விண்ணப்பிக்கலாம். தாய் கார்டில் (தாய் சேய் அட்டை) இருக்கும் தடுப்பூசிப் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு ஊசியின் பெயரையும் தேதியையும் ஆங்கிலத்தில் எழுதி டாக்டரிடம் முத்திரையும் வாங்கிவிட்டேன். ஏப்ரலில் டிக்கெட். விமானத்தில் குழந்தைத் தொட்டில் உள்ள இருக்கைகள் கொஞ்சம்தான், டிக்கெட் போட்ட அன்றே போன் செய்து கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன், கிடைத்துவிட்டது.